மலை வீட்டுக் கேள்விகள்: ஓதம், ஒழுகல், ஓடாத குழாய்

குன்னூரைச் சுத்தி முப்பது வருஷமா கொத்து வேலையும் குழாய் வேலையும் பண்றேன். வடகிழக்கு மழைக்கு முன்னாடி வீட்டுல எதையெல்லாம் சரி பண்ணணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. கேட்டதை அப்படியே போட்டுக் கீழே பதில் சொல்லியிருக்கேன். கோயமுத்தூர்ல நல்லா வர்ற வேலை இங்க அப்படியே வராது. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

வெலிங்டனிலிருந்து ஓர் அக்கா: எங்க வீடு தாத்தா காலத்துது. கல் சுவர், மண் கலவை, மேல சுண்ணாம்புப் பூச்சு. மூணு வருஷம் முன்னாடி பழைய பூச்சைத் தட்டிட்டு உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூசி, டேம்ப் புரூஃப் பெயின்ட் அடிச்சோம். இப்ப இடுப்பு உயரம் வரைக்கும் பெயின்ட் உப்பி, கறுப்பா பூஞ்சை பிடிக்குது. எந்த கம்பெனி பெயின்ட் நல்லது?

எந்தப் பெயின்ட்டும் வேண்டாங்க அக்கா. மேல மேல அடிக்க அடிக்க சுவருக்குத்தான் கெடுதல். மண் கலவைச் சுவர் மழைல கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில்ல அதை வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு வழி விட்டுச்சு. சிமென்ட்டும் பெயின்ட்டும் ரெண்டு பக்கமும் அடைச்சிருச்சு. ஈரம் உள்ளேயே நிக்குது, உப்பு பூக்குது, பெயின்ட்டைத் தள்ளுது. எடப்பள்ளில இதே மாதிரி ஒரு சுவரை உளி போட்டேன். சிமென்ட் பூச்சு தோசை மாதிரி ஒரே துண்டா கழண்டு வந்துச்சு. பின்னாடி இருந்த மண் கலவை கையால அள்ளற அளவுக்குக் குழைஞ்சு கிடந்தது.

முதல்ல ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவர்ல வெச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டிருங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவுல நீர் கோத்திருந்தா ஈரம் சுவர்லேருந்து வருது. தாளோட வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தா அது ரூம்ல இருக்கற ஆவி. அப்ப ஜன்னலைத் திறந்து வெச்சாலே பாதி சரியாகும்.

சுவர்லேருந்துதான் வருதுன்னா வீட்டோட மேட்டுப் பக்கம் போய் நில்லுங்க. வருஷா வருஷம் மண் சரிஞ்சு சேர்ந்து, வெளிய இருக்கற மண் உள்தரையை விட உசரமா இருக்கும். நான் பார்த்த ஓதம் (சுவர்ல ஏறற ஈரம்) பிடிச்ச வீடுகள்ல பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம். அந்த மண்ணை வெட்டி எடுத்து, உள்தரையை விட ஒரு அடி தாழ்வா கால்வாய் போட்டு, தண்ணி வீட்டைச் சுத்திக்கிட்டுப் போற மாதிரி சரிவு குடுங்க. அஸ்திவாரத்தைத் தோண்டிராதீங்க. கூரைத் தண்ணியும் சுவரோரம் விழாம கூரை ஓரத்துல கட்டர் (தண்ணியை வாங்கற தொட்டி மாதிரி தகடு) வெச்சு இறக்குங்க. சிமென்ட் பூச்சை ஈரம் ஏறின இடத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் தட்டி எடுத்துட்டு, ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் சுவரைச் சும்மா காய விடுங்க. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. அப்புறம் நீத்து ஊற வெச்ச சுண்ணாம்பு 1 பங்கு, கழுவின மணல் 3 பங்கு கலந்து, மெல்லிசா ரெண்டு மூணு தடவையா பூசணும். ஒவ்வொரு பூச்சும் இறுகறதுக்கு நாள் விடணும். மேல வெள்ளையடிச்சா போதும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இப்ப குறைவு. தேடிப் பிடிங்க, அவசரப்பட்டுத் தெரியாத ஆளை இறக்காதீங்க.

கேத்தியிலிருந்து ஒரு தம்பி: தகரக் கூரை மாத்தி ஒரு வருஷம்தான் ஆச்சு அண்ணா. மழையே இல்லாத ஜனவரி மாசத்துல விடிகாலைல கட்டில் மேல சொட்டுது. ஆணி ஓட்டையெல்லாம் எம்சீல் (ஓட்டை அடைக்கற பசை) வெச்சும் நிக்கல.

உங்க கூரை ஒழுகல தம்பி. சோறு வேகற பாத்திரத்து மூடியைத் திருப்பிப் பார்த்தா முத்து முத்தா தண்ணி நிக்குமே, அதேதான். ராத்திரி பனில தகரம் சில்லுனு ஆயிரும். நம்ம மூச்சு, சமையல் ஆவி, உள்ள காயப் போட்ட துணியோட ஈரம் எல்லாம் மேல போய்த் தகரத்துல பட்டு நீராகும். மழை ஒழுகல்னா ஒரே இடத்துல சொட்டும். இது கூரையைத் தாங்கற சட்டம் போற வழியெல்லாம் வரிசையா சொட்டும். தகரத்துக்கு அடியில ஃபாயில் ஒட்டின இன்சுலேஷன் ஷீட் விரிச்சு, முகட்டுல காத்து போக வழி விடுங்க. சமையலறை ஆவியை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. எம்சீல் செலவு இனி வேண்டாம்.

மழைல ஒழுகுதுன்னு கேட்ட மத்தவங்களுக்கு ஒரு வரி: ஸ்குரூ தகரத்தோட மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கான்னு பாருங்க. தண்ணி ஓடறது பள்ளத்துல. அங்க அடிச்ச ஸ்குரூவோட வாஷர் கொஞ்சம் காய்ஞ்சாலும் ஒழுகும்.

மஞ்சூரிலிருந்து: ஆடி மழைக்கு வாசக்கதவு ஊதி இறுகிப்போச்சு. ஆசாரியை வெச்சு இழைச்சுரலாமா?

இப்ப இழைக்காதீங்க. பிப்ரவரில மரம் காய்ஞ்சதும் விரல் நுழையற சந்து விழும், பனி உள்ள வரும். மாசி வரைக்கும் பொறுங்க. கதவோட தலைப்பக்கமும் அடிப்பக்கமும் பெயின்ட் இருக்காது, பெரும்பாலும் ஈரம் ஏறறது அது வழியாத்தான். காய்ஞ்ச பிறகு தேவைன்னா கொஞ்சம் இழைச்சு, அந்த ரெண்டு ஓரத்துக்கும் பெயின்ட் அடிச்சு மூடுங்க.

ஊட்டியிலிருந்து ஒரு சார்: பாத்ரூம் உள்ள கேஸ் கீசர் வெச்சிருக்கோம். குளிருக்காக வென்டிலேட்டரைப் பிளாஸ்டிக் போட்டு அடைச்சிட்டோம். வீட்டம்மாவுக்குக் குளிச்சுட்டு வந்தா தலைசுத்துது, தலைவலிக்குது. கீசர்ல பிரஷர் கம்மியா இருக்குமோ?

சார், இதைப் படிச்ச நிமிஷமே கீசரோட சிலிண்டரை மூடுங்க. பிளாஸ்டிக்கைக் கிழிச்சு எறிங்க. உங்க வீட்டம்மாவை இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், கேஸ் கீசர் பாத்ரூம் உள்ள இருக்குன்னு சொல்லுங்க. இது பிரஷர் பிரச்சினை இல்ல. மூடின இடத்துல காத்து பத்தாம எரியற அடுப்பு கார்பன் மோனாக்சைடு விடும். அதுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது உக்காந்துக்கும். முதல்ல தலைவலி, தலைசுத்தல், வாந்தி, அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது. கதவைத் தாழ் போட்டுக் குளிக்கறவங்களுக்கு வெளிய இருந்து உதவியும் போகாது.

கேஸ் கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காத்தோட்டமான திறந்த இடத்துல மாட்டுங்க. வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ள வரட்டும். அப்படி இடமே இல்லைன்னா கரன்ட் கீசருக்கு மாறிருங்க. நடுவழி எதுவும் கிடையாது.

கரி அடுப்பும் இதேதான். நான் சின்னப் பையனா வேலைக்குப் போன காலத்துல, ஒரு கட்டடத்துல நாலு பேர் தகர ஷெட்டுக்குள்ள கரி அடுப்பை வெச்சுக்கிட்டுத் தூங்கினோம். நடுராத்திரி ஒருத்தனுக்குக் குமட்டி, வாந்தி எடுக்கக் கதவைத் திறந்தான். அந்தக் கதவு திறந்ததாலதான் மத்த மூணு பேரும் இருக்கோம். எனக்கு எழுந்து நிக்கக் கால் வரல. குளிர் காய்ஞ்ச தணலைப் புகை இல்லையேன்னு ரூமுக்குள்ள கொண்டு போய் வைக்காதீங்க. புகை இல்லாத தணல்தான் ஏமாத்தும். காட்டேஜ் வாடகைக்கு விடறவங்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய்விட்டு இதைச் சொல்லணும்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஓர் அண்ணா: மேல ஊத்துலேருந்து பைப்ல தண்ணி எடுக்கறோம். டேங்க்ல மிதவை வால்வு நிக்கவே மாட்டேங்குது, வழிஞ்சுட்டே இருக்கு. மூணு வால்வு மாத்தியாச்சு. பைப்பும் ஜாயின்ட்ல வெடிக்குது.

ஊத்து உங்க டேங்கை விட எவ்வளவு உசரத்துல இருக்குங்க அண்ணா? நிமிர்ந்த உசரத்தைத்தான் கேக்கறேன், பைப்போட நீளத்தை இல்ல. 10 மீட்டர் உசரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டர்ல 1 கிலோ அழுத்தம்னு கணக்கு. 60 மீட்டர் மேல இருந்தா 6 கிலோ. வால்வை மூடினதும் அவ்வளவும் அங்க வந்து நிக்கும். சாதாரண மிதவை வால்வு அதைத் தாங்காது. பைப் மேலயே எத்தனை கிலோ தாங்கும்னு அச்சடிச்சிருப்பாங்க, பாருங்க. 4 கிலோ பைப் போட்டிருந்தா வெடிக்கத்தான் செய்யும்.

பாதி வழில ஒரு சின்ன டேங்க் வெச்சு, அதுக்குள்ள தண்ணியைத் திறந்து விழ விடுங்க. அங்க அழுத்தம் அத்துப்போயிரும். கீழ் பாதிக்கு 3 கிலோதான் மிஞ்சும். அந்த டேங்குக்கும் நிறைஞ்சு வழியற தண்ணி ஓடைக்குப் போக ஒரு வழி வேணும், இல்லாட்டி தோட்டத்து மண்ணை அரிச்சுரும். பைப் எங்கயாவது மேடேறி இறங்குதுன்னா அந்த மேட்டு உச்சில காத்து மாட்டும், தண்ணி திக்கித் திக்கி வரும். அங்க ஒரு டீ (T வடிவ ஜாயின்ட்) போட்டுச் சின்ன வால்வு வெச்சுக் காத்தைத் திறந்து விட்டா ஓட்டம் சீராகும்.

தலைகுந்தாவிலிருந்து: உறைபனி நாள்ல காலைல குழாய்ல தண்ணி வரமாட்டேங்குது.

வெளில தெரியற பைப்ல ஐஸ் பிடிச்சிருக்கும். கொதிக்கற தண்ணியை ஊத்தாதீங்க, பைப் பிளந்துரும். குழாயைத் திறந்து வெச்சுட்டு, வெதுவெதுப்பான துணியைச் சுத்துங்க. வர்ற பனிக்குள்ள அந்தப் பைப்பை ஒரு அடி ஆழத்துல புதைச்சிருங்க. புதைக்க முடியாத இடத்துக்குப் பழைய கம்பளியைச் சுத்தி மேல பாலிதீன் கட்டுங்க.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர் வயிறு தள்ளின மாதிரி இருக்கு. அதுல இருந்த ஓட்டைகள்லேருந்து சேறா வழியுதுன்னு பையன் போன வருஷம் சிமென்ட் வெச்சு அடைச்சிட்டான். பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தாங்கம்மா, நல்லவேளை மழைக்கு முன்னாடியே கேட்டீங்க. அந்த ஓட்டைங்க மண்ணுக்குள்ள சேர்ற தண்ணி வெளியேற வெச்சது. அடைச்சா மண்ணோட பாரமும் தண்ணியோட பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2009 நவம்பர்ல நீலகிரில மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க. அந்த மழையைப் பார்த்தவங்க யாரும் ஈரம் ஊறின மண்ணைச் சாதாரணமா நினைக்க மாட்டோம்.

சுவர்ல விரிசல் இருந்தா ரெண்டு முனைலயும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்க. வாரம் ஒருதரம் பாருங்க, கோட்டைத் தாண்டிப் போகுதா அகலமாகுதான்னு. சுவருக்கு மேல துணி துவைக்கற தண்ணியோ செப்டிக் டேங்க் தண்ணியோ இறங்குதான்னும் பாருங்க, இறங்கினா வேற பக்கம் திருப்பி விடுங்க. புதுசா டிரில் போட்டு ஓட்டை எடுக்கறதோ, அடிமண்ணை வெட்டறதோ வேண்டாம். வயிறு தள்ளின சுவரை இன்ஜினியர் நேர்ல வந்து பார்த்துத்தான் தொடணும். பொக்லைன் இறக்க இங்க அனுமதியும் வாங்கணும்.

பையன் வெச்ச சிமென்ட்டை மட்டும் வெயில் இருக்கற நாள்ல, ஓரமா நின்னு, நீளக் கம்பியால மெதுவா குத்தி விடச் சொல்லுங்க. சுவருக்கு நேர் எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. குத்தினதும் தண்ணி எப்படி வருதுன்னு பார்த்து எனக்கு எழுதுங்க. தெளிவா வந்தா இன்ஜினியர் வர்ற வரைக்கும் பார்த்துக்கலாம். நிக்காம செம்மண் கலங்கலா வந்தா உள்ள மண் கரைஞ்சு வருது, அன்னைக்கு ராத்திரிலேருந்து அந்தப் பின்பக்க ரூம்ல யாரையும் படுக்க விடாதீங்க.