டி ஆன்சாவில் சேர்த்தால் பையனின் படிப்பு பின்தங்கிவிடுமா?

கேள்வி: சன்னிவேலில் 5 வருடமாக இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. மகனுக்கு 18 வயது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பித்த யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்த தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட எங்களால் முடியாது. கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா என்ற இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கலாமா? ஊரில் சொன்னால், "பாலிடெக்னிக் மாதிரியா?" என்கிறார்கள்.

பதில்: தாராளமாகச் சேருங்கள் அம்மா. ஊரில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1967-ல் தொடங்கிய இந்த அரசுக் கல்லூரியில் கார் மெக்கானிக் வேலையும் கற்றுத் தருகிறார்கள், நர்சிங்கும் உண்டு. இரண்டு வருடம் கழித்து யூசியின் பெர்க்லி வளாகத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் இங்கேதான் கால்குலஸ் படிக்கிறார்கள். யூசிக்கு இடையில் மாறி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள்தான். கடைசியில் பட்டம் தருவதும் யூசிதான்.

முதலில் கட்டணம். இங்கே படிப்பு குவார்ட்டர் எனும் பருவங்களாக நடக்கும், பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள். கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். யூசிக்கு மாற 90 யூனிட் வேண்டும். ஆக மொத்தம் 2,790 டாலர். சில்லறைக் கட்டணங்களும் புத்தகச் செலவும் தனி. எச்-4-ல் இருப்பவர்கள் மாநிலவாசியாகத் தகுதி பெற முடியும். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருப்பதையும், இங்கேயே தொடர்ந்து இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். விசா என்றதும் வெளிமாநிலக் கட்டணம் விழுந்திருந்தால், அப்படியே கட்டிவிடாதீர்கள். வீட்டு ஒப்பந்தம், வரித் தாக்கல், எச்-4 காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு நேரிலேயே போய்விடுங்கள்.

பிள்ளைகள் சறுக்குவது பாடம் எடுப்பதில்தான். இங்கே யாரும் பாடத்திட்டத்தைக் கையில் தருவதில்லை. நண்பன் எடுக்கிறான், நேரம் ஒத்துவருகிறது என்று எடுத்துக்கொண்டே போனால், இரண்டு வருட முடிவில் யூனிட் நிறைய இருக்கும், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) வேண்டிய பாடம் இருக்காது. அதனால் சேர்வதற்கு முன்பே 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறந்து பையனோடு உட்காருங்கள். இடது பக்கம் யூசி வளாகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடம். இரண்டு மூன்று வளாகங்களுக்கு இப்படிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்கள் தெரிந்துவிடும். அவற்றை முதலில் முடிக்கட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு, வரலாறு, கலை போன்ற பொதுக்கல்விப் பாடங்களைவிட கணக்கும் புரோகிராமிங்கும்தான் முக்கியம்.

கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டி ஆன்சாவில் கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நான்கு குவார்ட்டராகப் போகிறது. பக்கத்தில் இருக்கும் மிஷன், வெஸ்ட் வேலி இரண்டும் செமஸ்டர் கல்லூரிகள். அங்கே அதே பாடத்தை வேறு விதமாகப் பிரித்திருப்பார்கள். இங்கே பாதி, அங்கே பாதி என்று எடுத்தால் நடுவில் சில பகுதிகள் விட்டுப்போகும், யூசியும் ஏற்க மறுக்கலாம். ஆரம்பித்த தொடரை ஒரே கல்லூரியில் முடிப்பதுதான் நல்லது.

குவார்ட்டர் என்பது தேர்வோடு சேர்த்து 12 வாரம்தான். நான்காவது வாரத்திலேயே மிட்டெர்ம் எனும் இடைத்தேர்வு வந்து நிற்கும். ஹைஸ்கூல் வேகத்திலேயே இருக்கிற பிள்ளை அதற்குள் பின்தங்கிவிடும். முதல் குவார்ட்டரில் கணக்கு, புரோகிராமிங், ஆங்கிலம் என்று மூன்றோடு நிறுத்துங்கள். முதல் வாரத்திலிருந்தே ட்யூட்டரிங் மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். இலவசம். மார்க் குறைந்த பிறகு போகிற இடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், அது தவறு. வளாகத்துக்குள் ஹாஸ்டல் கிடையாது, சன்னிவேலிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாற 'டேக்' என்று ஓர் உறுதிச் சேர்க்கை உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ தருவதில்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே போட முடியும். இரண்டாம் வருடம் தொடங்கும் சமயத்தில், செப்டம்பர் 1 முதல் 30-க்குள் போட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸை சில வளாகங்கள் இதில் சேர்ப்பதில்லை. அந்த வருடப் பட்டியலைப் பார்த்துவிட்டு வளாகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 21 வயது நிறைந்ததும் மகனின் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாநிலவாசிக் கட்டணமும் அதோடு கைவிட்டுப் போகக்கூடும். 18-ல் சேர்ந்தால் யூசியில் கடைசி வருடம் நெருங்கும்போது இந்தப் பிரச்சினை வரும். ஒரு குடியேற்ற வழக்கறிஞரை 20 வயதுக்குள் பார்த்துவிடுங்கள். கல்லூரி கவுன்சிலரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.