ஆறாத புண்ணும் அமிலத்தன்மையும்

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் தந்தையின் குதிகால் புண் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. புண்ணில் காரத்தன்மை கூடியதே காரணம் என்றும், எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுக் கழுவினால் ஆறிவிடும் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: செய்ய வேண்டாம். ஆனால், உறவினர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. நலமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 4-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும் (பி.எச். என்பது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). இந்தப் படலத்தை ஜெர்மானிய மருத்துவர்களான ஷாடேயும் மார்கியோனினியும் 1928-இல் 'அமிலப் போர்வை' என்று குறிப்பிட்டார்கள். தோல் கிழிந்ததும், பி.எச். 7.4 அளவிலுள்ள உள்திசு வெளியே தெரிகிறது. காயம் ஆறிப் புதுத்தோல் மூடும்போது அந்த இடம் மீண்டும் அமிலத்தன்மைக்குத் திரும்புகிறது. நாள்பட்ட புண்களிலோ இந்த அளவு பல நேரங்களில் 7-க்கு மேலேயே, சிலவற்றில் 9-ஐ நெருங்கியும், நின்றுவிடுகிறது.

இதனால் என்ன கெடுதல் என்றால், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் பல பி.எச். 8-ஐ ஒட்டி மும்முரமாக வேலை செய்து, உடல் புதிதாக நெய்யும் கொலாஜன் என்ற புரத இழைகளை உடனுக்குடன் அரித்துவிடுகின்றன. யூரியாவைச் சிதைக்கும் சில பாக்டீரியாக்கள் அம்மோனியாவை உண்டாக்கிக் காரத்தன்மையை மேலும் கூட்டுகின்றன. மாறாக, அமிலச் சூழலில் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை எளிதாக விட்டுக்கொடுப்பதால், ஆறும் திசுவுக்கு அது கூடுதலாகக் கிடைக்கிறது.

மருத்துவர்களும் அமிலத்தைப் பயன்படுத்துவதுண்டு. பச்சை நிறச் சீழை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமி தொற்றிய புண்ணில், பெரும்பாலும் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ உள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைக் குறிப்பிட்ட நேரம் வைப்பார்கள். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 4 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2. இரண்டும் முளைத்துவரும் புதுச் செல்களையே கருக்கும். நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு அந்த எரிச்சல்கூடத் தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்பு தடவுவது இதைவிட மோசம், அதன் பி.எச். 12-ஐத் தாண்டும் என்பதால் திசுவை ஆழமாக வேகவைத்துவிடும். பி.எச். 9, 10 என்ற அளவிலுள்ள சாதாரண சோப்பும் புண்ணுக்குள் படக் கூடாது. கழுவச் சலைன் எனும் கிருமி நீக்கிய உப்புநீர் போதும்.

தவிரவும், புண்ணின் காரத்தன்மை பெரும்பாலும் விளைவுதான். கட்டுப்படாத சர்க்கரை, காலில் குறைந்த ரத்த ஓட்டம், குதிகாலில் விழும் அழுத்தம், அகற்றப்படாத அழுகிய திசு ஆகியவற்றைக் கவனிக்காமல் பி.எச்.-ஐ மட்டும் மாற்றிப் பயனில்லை. இந்த வாரமே நீரிழிவுப் பாத சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். துர்நாற்றம், கருமை, காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.