பெல் இதழும் நீலப் பெட்டியும்

கேள்வி: அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ், தன்னை நடத்திய டெலிபோன் கம்பெனிக்கே நஷ்டம் வைத்ததாமே? (வாசகர், திருச்சி)

பதில்: சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்! 1922 ஜூலையில் தொடங்கிய 'பெல் சிஸ்டம் டெக்னிகல் ஜர்னல்' அது. கம்ப்யூட்டர் தகவலை அளக்கும் 'பிட்' என்ற சொல்லை அச்சில் ஏற்றிய கணித அறிஞர் கிளாட் ஷானனின் 1948 கட்டுரை அதில்தான் இரண்டு பகுதியாக வந்தது.

சரி, நஷ்டக் கதை. ஊர்களை இணைக்கும் ட்ரங்க் லைன் யாரும் பேசாமல் சும்மா இருந்தால், அதற்கு அடையாளமாக 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஓடும் என்று 1954 நவம்பர் இதழ் எழுதியது. 1960 நவம்பரில் மீதியும் வந்துவிட்டது: 700, 900, 1100 என்று 1700 வரை ஆறு ஒலிகள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் டயல் செய்யும் ஓர் எண். அட்டவணையே போட்டிருந்தார்கள். இதழோ கல்லூரி நூலகங்களுக்கெல்லாம் போகும். படித்த பையன்கள் இதே ஒலிகளை எழுப்பும் 'நீலப் பெட்டி' செய்து, எக்ஸ்சேஞ்சை ஏமாற்றி ஓசியில் ட்ரங்க் கால் பேசினார்கள். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்கு, எரிச்சலைவிடச் சிரிப்புதான் வருகிறது.

1978 ஜூலை-ஆகஸ்ட் இதழின் இரண்டாம் பகுதி முழுக்க, கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான யூனிக்ஸ் பற்றித்தான். டெலிபோன் கம்பெனி பல கம்பெனிகளாக உடைந்த 1984-க்கு முன்பே, 1983 கடைசியோடு அந்தப் பெயர் நின்றது. அப்புறம் வேறு பெயர்களில் வந்தது.