அடைக்கலமும் அதன் வட்டியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் வழிபாட்டு மன்றத்தில் போன மாதம் ஒரு தீர்மானம் வந்தது. போரில் வீடிழந்த ஒரு குடும்பத்தை வரவழைத்து, ஓராண்டுக்கு அவர்களுடைய பொறுப்பை மன்றமே ஏற்க வேண்டும் என்பது. வருகிறவர்கள் எங்கள் மதத்தவர் அல்லர். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். 'நம்மவர்களில் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?' என்றார் ஒருவர். 'இது அரசாங்கத்தின் வேலை' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எழுந்து, 'கவலைப்படாதீர்கள், நாளடைவில் அவர்களும் நம் வழிக்கு வந்துவிடுவார்கள்' என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மதங்கள் அகதிகளுக்குக் கைகொடுப்பதே ஆள் சேர்க்கத்தானா? அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் கை தூக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாமவரைக் கண்டு நீங்கள் அஞ்சியது சரிதான். முதல் இருவரோடு வாதாடலாம். இவரோ உங்கள் பக்கமே கை தூக்கப் போகிறவர். இவரிடம்தான் அதிகக் கவனம் வேண்டும்.

பிரான்ஸில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவிலிருந்து தப்பிவந்து கிரெனோபிள் நகருக்கு அருகே வாழ்ந்த ஃபினாலி என்ற யூத மருத்துவரும் அவர் மனைவியும் 1944-இல் நாஜிகளிடம் பிடிபட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அவர்களுடைய இரண்டு சிறுவர்களையும் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி மறைத்து வளர்த்தார். அகப்பட்டால் அவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லாத காலம் அது. போர் முடிந்ததும் நியூசிலாந்திலிருந்து பிள்ளைகளின் அத்தை கடிதம் எழுதினார், அனுப்பிவையுங்கள் என்று. அந்த அம்மையார் அனுப்பவில்லை. 1948-இல் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். உறவினரிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 1953-இல், கன்னியாஸ்திரீகளும் பாதிரியார்களும் துணைநிற்க, பிள்ளைகள் எல்லை தாண்டி ஸ்பெயினில் ஒளித்துவைக்கப்பட்டார்கள். நாடே இரண்டுபட்டு நின்றது. அந்த ஆண்டின் கோடையில்தான் அவர்கள் உறவினர்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

அந்த அம்மையாரைக் கெட்டவர் என்று ஒரு வரியில் எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு உயிர்களைக் காத்தவர் அவர். ஆனால் காத்ததற்கு வட்டி கேட்டார். பிள்ளைகளின் கடவுளையே வட்டியாகக் கேட்டார்.

அதே நாடு, அதே ஆண்டுகள். லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்திலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் சீர்திருத்தச் சபை என்னும் புராட்டஸ்டண்டு பிரிவைச் சேர்ந்த குடியானவர்கள் ஆயிரக்கணக்கான அகதிகளை ஒளித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலானோர் யூதர்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அந்த ஊர்ப் போதகர் ஆந்திரே த்ரோக்மே. அவருடைய உறவினர் டானியேல் த்ரோக்மே அங்கே மாணவர் விடுதியைக் கவனித்து வந்தார். 1943-இல் மாணவர்களோடு கைதாகி, மறு ஆண்டு மைதானெக் முகாமில் இறந்துபோனார். இவ்வளவு விலை கொடுத்தவர்கள் யூதப் பிள்ளைகளைத் தங்கள் சபையில் சேர்க்க முனையவில்லை. 1990-இல் யூதப் படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் தனி மனிதர்களைக் கௌரவிப்பதோடு நில்லாமல், அந்த வட்டாரத்து மக்கள் அனைவரையும் சேர்த்துக் கௌரவித்தது.

ஏன் இவர்களால் முடிந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பரம்பரை நினைவு. அந்த மலைவாசிகளின் முன்னோர் ஹியூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்து அரசாணை 1685-இல் ரத்தானபோது வேட்டையாடப்பட்டவர்கள், தப்பியோடியவர்கள். 'அகதி' என்பதற்கு ஆங்கிலம் இன்று வழங்கும் சொல்லே அப்படி ஓடியவர்களைக் குறித்துப் பரவியதுதான். அழகான விளக்கம். எனக்கு இது பாதிதான் போதுமானதாக இருக்கிறது. துன்பப்பட்டவர்கள் எல்லாம் துன்பத்தை நினைவில் வைத்துக் கதவைத் திறந்திருந்தால் உலகத்தில் அகதி முகாம்களே இருக்காது. நேற்று வந்தவன் இன்று உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

மீதிப் பாதி, அவர்கள் கூடிய முறையில் இருக்கிறது. ஊரெங்கும் சிறு சிறு வேதப்படிப்புக் குழுக்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு ஆள் போக்குவரத்து இருந்தது. எந்தப் பண்ணையில் பரண் காலி, யார் வாய் திறக்கமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். ஆபத்து வந்த பிறகு அமைப்பு கட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒரு வழிபாட்டுச் சமூகத்தின் உண்மையான சொத்து இதுதான் என்பேன். இரக்கம் மத நம்பிக்கை இல்லாதவர்களிடமும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் வாரம் தவறாமல் சந்திக்கும் ஐம்பது பேர், அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கார் வைத்திருப்பவர் நான்கு பேர், பல் மருத்துவரைத் தெரிந்தவர் ஒருவர், எல்லாவற்றையும் குறைசொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் ஒரு பெரியம்மா. இது எளிதில் கிடைக்காது. கனடா 1970-களின் இறுதியில் அகதிகளுக்குத் தனியார் குழுக்கள் பொறுப்பேற்கும் முறையைத் தொடங்கியபோது, 1979-இல் அரசோடு முதலில் ஒப்பந்தம் செய்தது மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையினரின் உதவி அமைப்பு. 1979-80-இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அங்கே வந்த 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தனியார் குழுக்களே ஏற்றன. அவற்றில் பெரும்பங்கு தேவாலயக் குழுக்கள். 1986-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம், அகதிகளுக்கு உதவுவோருக்கான நான்சென் விருதைக் கனடா நாட்டு மக்களுக்கே கொடுத்தது. அந்த விருதுக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை, பனிக்கால மேற்சட்டை, பஸ் மாறும் இடம் இப்படிப்பட்ட சமாசாரங்கள்தாம்.

அரசாங்கத்தின் வேலை என்றவருக்கு: ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். அதைச் செய்யவைக்கவும் ஆள் வேண்டும். நெதர்லாந்தில் வழிபாடு நடக்கும்போது காவலர்கள் தேவாலயத்துக்குள் நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாடுகடத்தப்பட இருந்த ஓர் ஆர்மீனியக் குடும்பத்துக்காக ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயத்தில் 2018 அக்டோபர் 26 அன்று ஒரு வழிபாடு தொடங்கியது. நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைவைத்து நடத்த, இரவும் பகலும் 96 நாட்கள் நீடித்தது. நெடுங்காலம் அங்கேயே வளர்ந்த அகதிப் பிள்ளைகளைப் பற்றிய கொள்கையை அரசு தளர்த்திய பிறகே, ஜனவரி 30 அன்று, அந்த வழிபாடு முடிந்தது. நீண்ட பிரசங்கத்தால் நன்மை விளைந்ததாக எனக்குத் தெரிந்த ஒரே சம்பவம் இது.

நம்மவர் முதலில் என்றவரிடம் எளிதில் கோபம் கொள்ளாதீர்கள். அவர் கேள்வி நியாயமானது. நம்மவர்க்கு அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதை மட்டும் விசாரியுங்கள். உண்மையில் செய்கிறவர் என்றால் இதையும் செய்வார், அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாதவர் என்றால் பதில் தேவையில்லை. நம் மொழியில் 'விருந்து' என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவர்தான் விருந்து. சொந்தக்காரரை அழைத்து இலைபோட்டு அதற்கு அந்தப் பெயர் வைத்தது நாம் பின்னால் செய்துகொண்ட வசதி.

இனி, மூன்றாமவர். ஏழாம் நூற்றாண்டில் மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) கிறிஸ்தவ அரசரிடம் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பித் தரச் சொல்லிப் பரிசுப் பொருட்களோடு மக்காவிலிருந்து தூதர்கள் வந்தார்கள். அரசர் மறுத்துவிட்டார். இஸ்லாமிய மரபு இன்னொன்றும் சொல்கிறது: அந்த அரசரே பிறகு வந்தவர்களின் மார்க்கத்தை ஏற்றாராம். உங்கள் மூன்றாமவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வழிக்கு வருவது எந்தத் திசையிலும் நடக்கலாம் என்று தெரிந்தால் அவர் உற்சாகம் கொஞ்சம் தணியலாம்.

கை தூக்குங்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி அவர்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்' என்பது கூடாது. பணம் அவர்கள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகட்டும், எதற்குச் செலவழித்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். மருத்துவரிடம் மொழிபெயர்க்க அவர்களுடைய பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், தாயின் நோயை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேரும். விழா மேடையில் ஏற்றி நன்றி சொல்லவைக்காதீர்கள். அவர்களுடைய வழிபாட்டிடம் எங்கே இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, அங்கே கொண்டுபோய் விடும் பொறுப்பை மூன்றாமவருக்கே கொடுங்கள். குறும்புக்காகச் சொல்லவில்லை. வாரா வாரம் வாசலில் இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கும்போது அவருக்கு ஏதாவது நடக்கலாம். நடக்காமலும் போகலாம், கார் ஓட்டியவரையில் லாபம்.

பிறகு கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதின்மூன்றாவது மாதம் அந்தக் குடும்பம் வேறு நகரத்தில் வேலை கிடைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால், மன்றத்தின் ஆண்டறிக்கையில் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள், வரவிலா செலவிலா? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.