கழுகு வீரனும் கல்லெறி பொறியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் கணினி விளையாட்டில் எப்போதும் பழைய மெக்சிகோவின் அஸ்டெக்குகளையே தேர்ந்தெடுக்கிறான். அவர்களுக்குக் குதிரை லாயம் கிடையாது. ஆனால் சக்கரம் வைத்த கல்லெறி பொறிகளும் வாளேந்திய கவச வீரர்களும் உண்டு. இதில் எது சரித்திரம், எது கற்பனை? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: லாயம் இல்லாததுதான் சரித்திரம். அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்த குதிரையினம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கொர்த்தேஸ் 16 குதிரைகளுடன் வந்து இறங்கியபோதுதான் மெக்சிகோ மக்கள் அந்த விலங்கை முதன்முதலாகக் கண்டனர். 2000-இல் வெளியான ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தில் அஸ்டெக், மாயா மக்களைச் சேர்த்தவர்கள் இதை மதித்து, குதிரைவீரனுக்குப் பதிலாகக் கழுகு வீரனைக் கொடுத்தனர். கழுகு, ஜாகுவார் என்னும் பெயர்களில் போர்வீரர் அணிகள் மெய்யாகவே இருந்தன. போரில் பகைவரை உயிருடன் சிறைபிடித்தவர்கள் அதன் வழியே உயர்ந்து அடைந்த தகுதி அது.

எஃகு வாளும் இரும்புக் கவசமும் முற்றிலும் தவறு. அஸ்டெக் வீரன் ஏந்தியது மாக்குவாவிட்ல் என்னும் ஆயுதம்: தட்டையான மரக்கட்டையின் இரு விளிம்புகளிலும் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியைச் சில்லுகளாகப் பதித்திருப்பார்கள். அதன் கூர்மை அபாரமானது; ஆனால் இரும்பில் மோதினால் சில்லு தெறித்துவிடும். உடம்புக்குத் திணித்துத் தைத்த பருத்திக் கவசம். அந்த ஊர் வெயிலில் அது எவ்வளவோ வசதி என்று கண்ட ஸ்பானிய வீரர்கள் பலர் தாங்களும் அதையே அணிந்துகொண்டனர்.

கல்லெறி பொறியின் கதை சுவையானது. 1521-இல் அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானின் முற்றுகையின்போது அப்படி ஒன்று கட்டப்பட்டது உண்மை; ஆனால் கட்டியவர்கள் ஸ்பானியர்கள். வெடிமருந்து குறைந்துபோனதால் சந்தை மேட்டில் பல நாள் பாடுபட்டு அதை நிறுத்தினார்கள். அது வேலை செய்யவில்லை. எதிரிகள் மீது இரக்கப்பட்டே அதைப் பயன்படுத்தாமல் விட்டதாக வெளியில் காட்டிக்கொண்டோம் என்று கொர்த்தேஸே மன்னருக்கு எழுதினார். தங்கள் மகனின் அஸ்டெக்குகள் அந்தப் பொறியைக் கொண்டு கோட்டைகளைத் தகர்ப்பதைப் பார்த்தால் கொர்த்தேஸ் பெருமூச்சு விட்டிருப்பார்.

கேள்வி: ‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டில் தென் அமெரிக்காவின் இன்காக்களை ஆண்டால், எழுத்தையும் சக்கரத்தையும் கண்டறியாமல் ஒரு கட்டத்துக்குமேல் நகர முடிவதில்லை. இன்காக்களிடம் இவ்விரண்டும் இருந்தனவா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் இல்லை. என்னைக் கேட்டால், வீரர்களின் உடையில் வரும் பிழைகளைவிட இந்தப் பிழைதான் பெரிது. கண்டுபிடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடும் விளையாட்டின் ‘தொழில்நுட்ப மரம்’ மத்தியதரைக்கடலைச் சுற்றி நடந்த வரிசையை உலகப் பொதுவிதியாக எடுத்துக்கொள்கிறது. அந்த மரத்தில் ஏறாத ஒரு சமூகம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீளமான பேரரசை நடத்தியது எப்படி என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் சக்கரம் பூட்டிய களிமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்துள்ளன. ஆகவே அமெரிக்க மக்களுக்குச் சக்கரம் என்னும் எண்ணமே தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டியை இழுக்க மாடோ குதிரையோ இல்லை. ஆண்டீஸ் மலையில் இருந்த லாமா முதுகில் சிறு பொதி சுமக்கும், வண்டி இழுக்காது. காப்பாக் ஞான் எனப்படும் இன்கா நெடுஞ்சாலை 30,000 கிலோமீட்டருக்கும் அதிகமானது. 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. செங்குத்தான இடங்களில் அந்தச் சாலை படிக்கட்டாக ஏறும். ஓடும் தூதனுக்கும் லாமாவுக்கும் படி நல்லது. வண்டி அங்கே பாரம்தான்.

எழுத்துக்குப் பதில் அவர்களிடம் கிப்பு இருந்தது. ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் முடிச்சுகள். கயிற்றின் அடிப்பகுதி ஒன்றுகளின் இடம், அதற்கு மேலே பத்துகள், இன்னும் மேலே நூறுகள். ஒன்றுகளின் இடத்தில் மட்டும் பல சுற்றுச் சுற்றிய நீள முடிச்சு. நாலு சுற்று என்றால் நாலு. முடிச்சே இல்லாத இடைவெளி சுழியம். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை மக்காச்சோளம் இருந்தது, எந்த ஊர் எத்தனை பேரை வேலைக்கு அனுப்பியது என்ற கணக்குகள் இதில் ஏறின. நாணயம் இல்லாத அந்த நாட்டில் வரி என்பது மீத்தா எனப்பட்ட உழைப்பு. உவானுகோ பாம்பா என்னும் இன்கா நகரின் மலைச்சரிவில் மட்டும் ஏறக்குறைய 500 களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, இன்கா மன்னன் பச்சாகுத்தியின் கருவூலத்தில் பொற்காசு சேரச் சேர விளையாட்டு மகிழ்வது வேடிக்கைதான்.

மலையடியில் அமைக்கும் படிவயலுக்குக் கூடுதல் விளைச்சல் தரும் விதியை மட்டும் பாராட்ட வேண்டும்; அங்கே விளையாட்டு, பிறருக்குத் தடையாக இருக்கும் மலை இன்காக்களுக்குச் சொத்து என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

கேள்வி: விளையாட்டில் காட்டுவதுபோல் மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் அவ்வளவு சிறந்த வில்லாளிகளா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. கி.பி. 250 முதல் 900 வரையிலான அவர்களின் செழிப்பான காலத்துச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் ஈட்டியே மிகுதி. வில் பரவியது பிற்காலத்தில். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இல் மாயாக்களுக்குத் தரப்பட்டுள்ள ‘எல் டொராடோ’ என்னும் மேம்பாடு இன்னும் மோசம். அந்தப் பெயருக்குரிய பொன்மனிதன் கதை கொலம்பியாவின் முயிஸ்கா மக்களைச் சார்ந்தது. மேலும், மாயாக்கள் ஒரே கொடியின்கீழ் திரண்டதே இல்லை. திக்காலும் கலக்முலும் ஒன்றையொன்று வீழ்த்தத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட நகர அரசுகள்.

கேள்வி: விளையாட்டில் ஸ்பானியரின் பீரங்கியே அஸ்டெக்குகளை வெல்கிறது. உண்மையிலும் அப்படித்தானா? (வாசகர், சேலம்)

பதில்: பீரங்கிக்குப் பங்கு உண்டு, முதல் பங்கு அதற்கு இல்லை. 1520-இல் பரவிய பெரியம்மை தெனோச்தித்லான் நகரத்தைக் குலைத்திருந்தது. முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர் சில நூறு பேர். அஸ்டெக்குகளின் பழம்பகைவர்களான த்லாஸ்கலா மக்களும் பிற கூட்டாளிகளும் பல்லாயிரவர். விளையாட்டு இதை இருவர் மட்டும் மோதும் களமாக அமைக்கும்போது இந்தக் கூட்டாளிகள் மறைந்துவிடுகின்றனர். ஏரி நடுவே இருந்த நகரை வளைக்கக் கொர்த்தேசுக்கு 13 கப்பல்கள் தேவைப்பட்டன. விளையாட்டில் துறைமுகத்தைச் சொடுக்கினால் கப்பல் வெளியே வரும். அன்று அவற்றைத் த்லாஸ்கலாவில் செய்து, பகுதி பகுதியாகக் கழற்றி, ஆயிரக்கணக்கான சுமைகாரர்கள் தோளில் தூக்கி மலைவழியாக ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து மீண்டும் பூட்டினார்கள்.