எடிட்டிங் மேசை: கார்டுக்கு முன்னால் கேமராவைப் பாருங்கள்

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறேன். போன ஆவணியில் சோனி ஏ7 ஐவி கேமரா வாங்கினேன். 4கே, 10 பிட்டில் எடுத்ததை பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. சிஸ்டம்: ஐ5 12400எஃப், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650. ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமுங்க?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: தம்பி, கடைக்குக் கிளம்பும் முன் கேமரா மெனுவைத் திறங்கள். ரெக்கார்டு செட்டிங்கில் 4:2:2 10 பிட் (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) என்று இருந்தால், தொல்லை அங்கேதான். உங்கள் 1650 மாதிரி என்விடியா கார்டுகளில், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எதுவும், ஆர்டிஎக்ஸ் 4090 ஆனாலும் சரி, 4:2:2 வீடியோவைப் பிரித்துப் படிக்காது. இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) வகை 4:2:2வைப் படித்துவிடும். ஆனால் உங்கள் 12400எஃப்-இல் கடைசியில் நிற்கும் அந்த 'எஃப்', உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதற்கான அடையாளம். ஆக மொத்த பாரமும் பிராசஸர் தலையில்தான் விழுகிறது.

நானும் இதில் அடிபட்டவன். 2022இல் கடைக்காரர் பேச்சை நம்பி 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமே காங்கேயத்தில் ஒரு கல்யாணம், மூன்று கேமரா. இணைச்சீர் (மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்யும் சீர்) வரும் இடத்தில் மங்கல வாழ்த்து காதில் தடங்கலில்லாமல் கேட்கிறது, மாப்பிள்ளையின் தங்கச்சி முகம் மட்டும் திரையில் உறைந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டு நிற்க, புதுக் கார்டில் 'வீடியோ டிகோட்' கோடு பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. அந்த வீடியோவை முடிக்க எட்டு ராத்திரி ஆனது. நீங்களும் இன்றைக்கே அந்தக் கோட்டைப் பாருங்கள்.

அதனால் என் முடிவு, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. 50 வரிசை எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2வைப் படிக்கும். பிரீமியரையும் டிரைவரையும் புதுப் பதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பழைய பதிப்பில் இந்த வசதி வராது. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே காசு கொடுங்கள்.

கார்டில் 16 ஜிபி மெமரி எதற்கு? 4கே ஃபிரேம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். எஃபெக்டுக்காக 32 பிட் கணக்கில் விரித்தால் ஒரே ஃபிரேம் 130 எம்பியைத் தாண்டும். மூன்று கேமரா, கலர், நாய்ஸ் குறைப்பு எல்லாம் ஏறினால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். கை இறுக்கமாக இருந்தால் 8 ஜிபி 5060 எடுங்கள். 4:2:2 அதிலும் ஓடும். மிச்சக் காசில் ராமை 32 ஆக்குங்கள்.

5060 டிஐக்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வேண்டும் என்பது என்விடியாவின் கணக்கு. உங்களுடையது எத்தனை வாட் என்று ஸ்டிக்கரைப் பாருங்கள். கார்டு வரும் வரை பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் வீடியோ) போட்டு வேலையை ஓட்டுங்கள், முகூர்த்த மாதத்தில் பார்ட்டியைக் காக்க வைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஸ்டுடியோ தறிக்குடோனை ஒட்டி இருக்கிறது. எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது கார்டு ஃபேன் இரைந்து சிஸ்டம் அணைந்துவிடுகிறது. கார்டு போய்விட்டதா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பஞ்சு விளக்குத் திரி மாதிரி படிந்து கிடக்கும். காற்று போக வழியில்லாமல் சூடேறித்தான் பெரும்பாலும் இப்படி அணையும். புளோயரால் ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரிங் கெட்டுவிடும். தறிக்குப் பக்கத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்தே ஆகவேண்டும். கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, தறிப்பக்க ஜன்னலுக்கு நேராக இல்லாமல் வையுங்கள். அப்புறமும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதியுங்கள்.