ஃபோர்டு வேனை ஃபோர் வீல் டிரைவ் ஆக்கலாமா?

டென்வரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2011 ஃபோர்டு ஈ-350 வேன் இருக்கிறது. வி10 இன்ஜின், நீள பாடி. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துவிட்டேன். யூட்டாவில் உள்ள ஒயிட் ரிம் சாலையில் ஓட்ட ஆசை. ஆறு அங்குலம் தூக்கி, முன்னால் ஆக்ஸில் போட்டுத் தருகிறோம் என்கிறது ஒரு பட்டறை. நம்பிக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா என்று பார்ப்போம். பனிக்காலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறி இறங்க மட்டும் என்றால் தேவையில்லை. நல்ல பனி டயர், பின் டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் ஒரு லாக்கர், டிக்கியில் டயர் சங்கிலி போதும். ஒயிட் ரிம் கதை வேறு. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஏறக்குறைய 100 மைல் ஓடும் மண்சாலை அது. தரையிலிருந்து நல்ல உயரமும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஊர்ந்து போக உதவும் தாழ்ந்த கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் அங்கே வரலாம் என்பது பூங்காவின் விதி. ஒரு நாள் போய்வரக்கூட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2020 முதல் ஃபோர்டு டிரான்சிட் வேன் ஆல் வீல் டிரைவில் கிடைக்கிறது, ஆனால் அதில் லோ ரேஞ்ச் கிடையாது. ஆகவே உங்கள் ஆசைக்குப் பழைய ஈ-350ஐ மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் வேனின் முன்பக்கம் இரண்டு ஐ-பீம்களின் (இரும்பு உத்திரங்கள்) மேல் நிற்கிறது. அவற்றில் டிஃபரன்ஷியலுக்கு இடமே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350 பிக்கப்புகளில் வரும் டானா 60 ஆக்ஸிலைப் போடுவதுதான் வழக்கம். 2005க்குப் பிந்தைய ஆக்ஸில் காயில் ஸ்பிரிங்கோடு வரும், 1999 முதல் 2004 வரை வந்தது லீஃப் ஸ்பிரிங். சாலையில் சொகுசாக ஓட வேண்டுமென்றால் காயில் பக்கம் போங்கள். கியர்பாக்ஸின் பின்முனையை மாற்றி, சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்டுவார்கள். அதில் என்வி271 மாடல் கையால் போடுவது, என்வி273 மாடல் சுவிட்சில் போடுவது. இரண்டிலும் லோ ரேஞ்ச் 2.72-க்கு 1. நான் கையால் போடுவதையே வாங்குவேன், பாலைவனத்தில் அந்தச் சுவிட்ச் இயக்கும் சின்ன மோட்டார் பழுதாகி உட்கார எனக்குப் பொறுமை கிடையாது.

முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் கிரவுன் பினியன் விகிதம் (உள்ளே உள்ள இரண்டு பல்சக்கரங்களின் பல் விகிதம்) ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் 4.10 இருந்து முன்னால் 3.73 வந்தால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைத்துவிடும். விகிதம் சரியாக இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போடாதீர்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, அந்த வித்தியாசத்தைத் தாங்க நடுவில் ஒன்றும் கிடையாது.

இதுவரை சொன்னது பாகங்களை வாங்கி மாட்டும் வேலை. பட்டறையின் தரம் தெரிவது சஸ்பென்ஷனில்தான்.

ஆறு அங்குலம் தூக்குவது அழகுக்காக இல்லை. முழு ஆக்ஸிலும் மேலும் கீழும் ஆடும்போது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில் இடிக்காமல் இருக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த உயரத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கேளுங்கள். வெறும் உயரமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டால், ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் கீழே இறங்கி ஆக்ஸிலைத் திருப்பிவிடும், காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறைந்துவிடும். பிறகு நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போகாது, அலையும். சரி, காஸ்டரைக் கூட்டலாமே என்று ஆக்ஸிலை மறுபக்கம் திருப்பினால் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு தாழ்ந்து, முன் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டுக்குக் கோணம் அதிகமாகும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் திறமை. வேலை முடிந்தபின் அலைன்மென்ட் தாளில் காஸ்டர் எத்தனை டிகிரி என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து பான்ஹார்ட் ராடு. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அது. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் அதுவும் ஒரே சாய்வில், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். பல வருடம் முன்பு இப்படித் தூக்கிய ஒரு வேனை நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறியதும் ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கியபோது முழங்கால் நடுங்கியது. காரணம் பான்ஹார்ட் ராடின் போல்ட் துளை லேசாகப் பெரிதாகியிருந்ததுதான்.

அப்புறம் ஸ்பிரிங். பட்டியலைப் பார்த்து ஆர்டர் செய்ய விடாதீர்கள். தண்ணீர், பெட்ரோல், கட்டில், குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் எடை தனித்தனியாகக் கிடைக்கும். புது ஆக்ஸிலின் கூடுதல் எடையையும் சேர்த்து, அதற்கேற்ற ஸ்பிரிங்கைச் செய்யச் சொல்லுங்கள். கேம்பர் வேன் எப்போதும் சுமையோடுதான் ஓடுகிறது என்பதால் இந்தக் கணக்கு சரக்கு வேனைவிட எளிது. ஒன்று மட்டும்: எவ்வளவு தடித்த ஸ்பிரிங் போட்டாலும், கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் அதிகபட்ச எடை மாறாது. உயரம் கூடிய வேன் வளைவில் கவிழும் அபாயமும் கூடும். எனவே கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வேண்டாம்.

பலர் கேட்க மறப்பது சக்கரம். ஈ-350க்கு எட்டு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். பிக்கப் ஆக்ஸிலுக்கு எட்டு போல்ட்தான், ஆனால் வட்டம் 170 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தாது. முன் ஹப்பை மாற்றுவார்களா, பின் ஆக்ஸிலையும் பிக்கப்பிலிருந்து எடுப்பார்களா என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். 30.5 அங்குல டயரிலிருந்து 33க்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 65 மைல் வேகத்தில் போவீர்கள், அதையும் திருத்தச் சொல்லுங்கள். நீளமான பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் இணைப்பு இரண்டும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதை முயல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளரின் அசல் அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வண்டி கைக்கு வந்ததும் நேராக யூட்டாவுக்குக் கிளம்பாதீர்கள். 500 மைல் ஊர் பக்கமே ஓட்டி, எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். பான்ஹார்ட் ராடு போல்ட்டை முதலில்.